தொட்டுப் பழகிய உருண்டையைப் பார்த்தவுடன் தெரியுமா? மாலினூ கேள்வி பற்றி ஒரு விவாதம்

திண்ணைக்காரன் எழுதியது:

போன வாரம் வேறொரு இழையில் "அறிவு புலன்வழி வருகிறதா, சிந்தனைவழி வருகிறதா" என்று ஆரம்பித்த சண்டை, கடைசியில் யாருக்கு எத்தனை தத்துவவாதிகளின் பெயர் தெரியும் என்ற போட்டியாகிவிட்டது. இந்த முறை ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம். கேள்வி முந்நூறு ஆண்டுப் பழசு. அதற்கான சோதனை நடந்தது நம் டெல்லியில்.

டப்ளின்காரர் வில்லியம் மாலினூ ஒளியியல் அறிந்தவர். அவருடைய மனைவி திருமணமான சில மாதங்களிலேயே பார்வையை இழந்தார். மாலினூ 1688-ல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார், பதில் இல்லை. 1693-ல் மறுபடி எழுதினார். லாக்குக்குப் பிடித்துப்போய், மனித அறிவு பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில் (1694) அதைச் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி இதுதான். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர். ஒரே உலோகத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் செய்த கனசதுரத்தையும் உருண்டையையும் தடவிப் பார்த்து, எது எது என்று சொல்லப் பழகியிருக்கிறார். வளர்ந்த பிறகு பார்வை கிடைக்கிறது. இரண்டும் மேசைமேல் இருக்கின்றன. தொடக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் எது உருண்டை, எது கனசதுரம் என்று சொல்வாரா?

வடிவம் என்பது எந்தப் புலனுக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுக் கருத்தாக மனதில் இருக்குமானால், கைவழி வந்ததைக் கண்வழியும் கண்டுகொள்ள வேண்டும். கைக்கு ஒரு வடிவம், கண்ணுக்கு வேறொரு வடிவம், இரண்டையும் முடிச்சுப் போடுவது பழக்கம்தான் என்றால், அவர் திகைத்து நிற்க வேண்டும். நம் சண்டை அப்படியே இந்த மேசைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மாலினூவும் லாக்கும் "முடியாது" என்றார்கள். பார்க்லி 1709-ல் இன்னும் ஒரு படி மேலே போய், தொட்ட வடிவமும் கண்ட வடிவமும் இனத்திலேயே வேறு என்றார். லைப்னிட்ஸ் மட்டும் "முடியும்" என்றார், ஒரு நிபந்தனையோடு: மேசைமேல் இருப்பவை அந்த இரண்டும்தான் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கனசதுரத்துக்கு எட்டு மூலைகள் உண்டு, உருண்டையில் எந்த இடமும் தனித்துத் தெரியாது. இதை வைத்து யோசித்தே கண்டுபிடித்துவிடுவார் என்பது அவர் வாதம். லாக்கின் நூலுக்கு அவர் எழுதிய மறுப்பில் இது வருகிறது. 1704-ல் லாக் இறந்துவிட்டதால் லைப்னிட்ஸ் அதை வெளியிடாமல் வைத்துவிட்டார், அச்சில் வந்தது 1765-ல்.

நான் லைப்னிட்ஸ் பக்கம். நீங்கள்?

பூதவாதி எழுதியது:

முடியாது. இதற்கு ஏன் இழை? 1728-லேயே முடிந்துபோன வழக்கு இது.

லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்குக் கண்புரை அகற்றினார். அவர் எழுதிய குறிப்பைப் படித்தால் போதும். பார்க்கும் பொருளெல்லாம் கண்ணில் வந்து ஒட்டுவதாகப் பையன் சொன்னான். எதன் வடிவமும் பிடிபடவில்லை. வீட்டுப் பூனை எது, நாய் எது என்று பார்த்துச் சொல்லத் தெரியாமல், கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, உற்றுப் பார்த்து, "அடுத்த தடவை உன்னைத் தெரிந்துகொள்வேன்" என்று அதனிடமே சொன்னானாம். ஓவியத்தில் இருப்பது திடப்பொருள்களின் படம் என்று அவனுக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று. பிடிபட்டதும் தொட்டுப் பார்த்தான், தட்டையாக இருந்தது. பொய் சொல்வது கண்ணா, கையா என்று கேட்டான்.

பிறவியிலேயே மனதில் வடிவங்கள் இருந்தால், அந்தப் பையனுக்குப் பூனை ஏன் தெரியவில்லை? யோசித்துக் கண்டுபிடிக்கட்டுமே, யார் தடுத்தது?

பனங்கூடல் எழுதியது:

பூதவாதி அண்ணை, அந்தக் குறிப்பில் கனசதுரமும் இல்லை, உருண்டையும் இல்லை. பூனையையும் நாயையும் பிரிப்பது அதைவிடப் பல மடங்கு சிக்கலான வேலை. இரண்டுக்கும் நான்கு கால், ஒரு வால், உடம்பெல்லாம் ரோமம். போதாததற்கு இரண்டும் ஓரிடத்தில் நிற்காது. லைப்னிட்ஸ் சொன்ன மூலைக் கணக்கு அங்கே எப்படிச் செல்லும்?

வோல்டேரும் இந்தக் கதையை எடுத்து எழுதியதால்தான் ஐரோப்பா முழுக்கப் பரவியது. பரவிய கதைக்கும் நடத்திய சோதனைக்கும் வித்தியாசம் உண்டு.

கருவிழி எழுதியது:

கண் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். செசல்டன் காலத்து அறுவைக்கும் இப்போது நடக்கும் அறுவைக்கும் பெயர்தான் ஒன்று. அப்போது மங்கிப்போன லென்ஸை ஊசியால் குத்தி, பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். லென்ஸ் உள்ளேயே கிடக்கும். அதற்குப் பதிலாக வேறு லென்ஸ் வைக்கும் வழக்கமே கிடையாது. லென்ஸ் இல்லாத கண்ணுக்குத் தடித்த கண்ணாடி போடாவிட்டால் எதிரே இருப்பது வெறும் வண்ணக் கலங்கல்தான். பூனை தெரியவில்லை என்பதற்குத் தத்துவக் காரணம் தேடும் முன் கண்ணாடி கொடுத்தார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று. பிறவிக் கண்புரை அடர்த்தியாக இருந்தால் பிறந்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. தாமதமானால் கண் நிலைகொள்ளாமல் ஆட ஆரம்பிக்கும், மூளையின் பார்வைப் பகுதியும் முறையாக வளராது. ஹ்யூபலும் வீசலும் பூனைக்குட்டிகளின் கண் இமையைத் தைத்துவைத்துச் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. 1981-ல் நோபல் பரிசு பெற்றவர்கள் அவர்கள். அதனால் பத்துப் பன்னிரண்டு வயதில் பார்வை பெறும் பிள்ளைக்குக் கிடைப்பது நம் பார்வை கிடையாது. வெளிச்சம் கூசும், கண் ஆடும், விளிம்புகள் மங்கும்.

திண்ணைக்காரர் டெல்லி சோதனையைச் சொல்லவில்லையே. எழுதுங்கள் சார், பிறகு மீதியைச் சொல்கிறேன்.

திண்ணைக்காரன் எழுதியது:

எழுதுகிறேன் அம்மா. எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா டெல்லியில் பிறந்தவர். இந்தியாவில் பிறவியிலேயே பார்வை இல்லாமல், சிகிச்சை செய்யக்கூடியதாக இருந்தும் சிகிச்சை கிடைக்காமல் வளரும் பிள்ளைகள் நிறைய. அவர்களைத் தேடி அறுவை செய்யவும், பார்வை வந்தபின் மூளை எப்படிக் கற்கிறது என்று பார்க்கவும் அவர் தொடங்கியதுதான் 'பிரகாஷ்' திட்டம். டெல்லியின் ஷ்ராஃப் கண் மருத்துவமனையில் அறுவை நடந்தது.

ரிச்சர்ட் ஹெல்ட், சின்ஹா குழுவினர் 2011-ல் வெளியிட்ட கட்டுரையில் ஐந்து பிள்ளைகள். வயது 8 முதல் 17 வரை. நான்கு பேருக்குப் பிறவிக் கண்புரை, ஒருவருக்குக் கருவிழி மங்கல். அறுவைக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் சோதித்தார்கள். லெகோ கட்டைகளைப் போன்ற இருபது ஜோடி வடிவங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிறகு இரண்டைக் காட்டி, முதலில் கொடுத்தது எது என்று கேட்பார்கள்.

தொட்டதைத் தொட்டே அடையாளம் காண்பதில் 98 விழுக்காடு சரி. பார்த்ததைப் பார்த்தே அடையாளம் காண்பதில் 92. தொட்டதைப் பார்த்து அடையாளம் காண்பதில் 58. இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும்.

பூதவாதி எழுதியது:

ஆக, நீங்களே உங்கள் கட்சிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டீர்கள் சார். பார்ப்பதில் குறையில்லை, 92. தொடுவதில் குறையில்லை, 98. இரண்டுக்கும் நடுவே பாலம்தான் இல்லை. லாக் சொன்னது அதைத்தானே? கருவிழி மேடம் சொன்ன மங்கலும் ஆட்டமும் காரணம் என்றால் 92 எப்படி வந்தது?

ஆதிரை_கணக்கு எழுதியது:

பூதவாதி எழுதியது: "இரண்டுக்கும் நடுவே பாலம்தான் இல்லை."

அதே கட்டுரையின் அடுத்த பகுதியையும் படிக்க வேண்டும். சில பிள்ளைகளைப் பின்னர் மறுபடி சோதித்தார்கள். யாரும் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. ஒரு வாரத்துக்குள்ளேயே, தொட்டதைப் பார்த்துச் சொல்வதில் கணிசமான முன்னேற்றம். பாலத்தை ஒவ்வொரு கல்லாக அனுபவம்தான் கட்டுகிறது என்றால் இவ்வளவு சீக்கிரம் எப்படி முடியும்? சோதனையில் இருந்த அந்தக் குறிப்பிட்ட கட்டைகளைப் பிள்ளைகள் வீட்டில் தொட்டும் பார்த்தும் பழகவில்லை. வேறெதையோ பார்த்துப் பழகியது இந்தக் கட்டைகளுக்கும் பயன்பட்டிருக்கிறது. பொதுவான ஏதோ ஒன்று அங்கே தயாராக இருந்தால்தான் அது நடக்கும்.

இரண்டாவது, லைப்னிட்ஸின் நிபந்தனையை இந்தச் சோதனை தொடவே இல்லை. மூலைகளை எண்ணிப் பார், யோசித்துச் சொல் என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்கவில்லை.

பூதவாதி எழுதியது:

ஒரு வாரம் என்பது சும்மாவா தங்கச்சி? விழித்திருக்கும் நேரமெல்லாம் கை எதையாவது தொட்டுக்கொண்டும் கண் அதையே பார்த்துக்கொண்டும் இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை கண்ணும் கையும் ஒரே பொருளைச் சந்திக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கணக்குப் பிள்ளைதானே நீங்கள். அனுபவம் வேகமாக வேலை செய்தது என்பதற்காக அது அனுபவம் இல்லை என்று ஆகிவிடாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பூதவாதி என்று பெயர் வைத்துக்கொண்டு வந்திருப்பவரிடம், வஞ்சி நகரில் மணிமேகலை கேட்டதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. காட்சி தவிர வேறு அளவை, அதாவது அறியும் வழி, செல்லாது என்று அந்தக் காவியத்துப் பூதவாதி சொன்னதும், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று அவள் கேட்கிறாள். பதில் இல்லை.

ஆனால் இதை வைத்து மணிமேகலையை ஐரோப்பியப் பகுத்தறிவுவாதிகளின் கட்சியில் சேர்த்துவிடக் கூடாது. இணையத்தில் பலர் அந்த வேலையைச் செய்கிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. நம் அளவை நூல்களில் கருதல், அதாவது அனுமானம், என்பது முன்பு கண்டதன் மேல் நிற்கிறது. மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கிறோம் என்றால், அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டிருக்கிறோம். காணாமலே மனம் தனக்குள்ளிருந்து எடுத்துத் தரும் அறிவு என்று டெகார்ட் சொன்னது வேறு சரக்கு. சைவ நூலான சிவஞான சித்தியார் பத்து அளவைகளை எண்ணிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை மூன்றிலும் அடங்கும் என்று முடிக்கிறது.

அந்த மூன்றாவதைத்தான் இங்கே யாரும் கவனிக்கவில்லை. லைப்னிட்ஸின் நிபந்தனையைப் பாருங்கள். மேசைமேல் இருப்பது கனசதுரமும் உருண்டையும் என்று அந்த மனிதருக்கு ஒருவர் சொல்ல வேண்டும், அவர் அதை நம்ப வேண்டும். அது கருதலும் இல்லை, காண்டலும் இல்லை, உரை. உரையைப் பிடித்துக்கொண்டுதான் லைப்னிட்ஸின் ஆள் கருதுகிறார். பகுத்தறிவு தனியாக நின்று ஜெயித்ததாக அதைச் சொல்ல முடியாது.

பூதவாதி எழுதியது:

மணிமேகலைக்கு என் பதில்: என் அப்பா அம்மா யார் என்பதை ஆச்சி சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆச்சி அதைக் கண்ணால் கண்டவர். உரையை நோண்டிப் பார்த்தால் அடியில் காட்சிதான் கிடக்கிறது.

சைவர் யாராவது சண்டைக்கு வருவதற்குள் ஓடிவிடுகிறேன் :)

மட்டுறுத்துநர்:

சமயச் சண்டைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அது தொடர்பாக வந்த இரண்டு பின்னூட்டங்களை அங்கே நகர்த்தியிருக்கிறேன். மாலினூவோடு நில்லுங்கள்.

ஆதிரை_கணக்கு எழுதியது:

நிக்கலஸ் சாண்டர்சன் பற்றிச் சொல்ல வேண்டும். 1682-ல் யார்க்ஷயரில் பிறந்தவர். ஒரு வயதில் பெரியம்மையில் பார்வை போயிற்று. 1711-ல் கேம்பிரிட்ஜில் லூகாசியன் கணிதப் பேராசிரியர் ஆனார். நியூட்டன் இருந்த நாற்காலி அது, 1739-ல் இறக்கும்வரை அவர்தான் இருந்தார். அங்கே அவர் நடத்திய பாடங்களில் ஒன்று ஒளியியல். வானவில் ஏன் வருகிறது, லென்ஸ் ஒளியை எப்படி வளைக்கிறது என்று பார்வையுள்ள மாணவர்களுக்கு, நிறம் என்றால் என்ன என்றே கண்டறியாத ஒருவர் விளக்கினார்.

ஒளிக்கதிர் எந்தக் கோணத்தில் வளையும் என்பது அவருக்கு எந்தப் புலன்வழி வந்தது? வடிவியல்வழி வந்தது. நிரூபணத்தை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது.

பூதவாதி எழுதியது:

கோடு, கோணம், வட்டம் எல்லாம் அவர் கைக்குத் தெரியும். பலகையில் ஊசிகளைக் குத்தி, விரலால் தடவித்தான் அவர் கணக்குப் போட்டார், வடிவங்களையும் நூல் கட்டி அமைத்தார். தொடுதல் புலன் இல்லையா? நியூட்டனின் சோதனைகளை வேறு யாரோ கண்ணால் பார்த்து எழுதினார்கள், அதை இவருக்குப் படித்துக் காட்டினார்கள். ஏட்டுச்சுவடி ஐயா பாணியில் சொன்னால் உரை.

சிவப்பு என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டால் சாண்டர்சன் என்ன சொல்லியிருப்பார்? லாக் தன் நூலில் ஒரு பார்வையற்றவரைப் பற்றி எழுதுகிறார். நெடுநாள் யோசித்து, கருஞ்சிவப்பு எக்காளத்தின் ஓசையைப் போன்றது என்றாராம். யோசனை போய்ச் சேரும் எல்லை அவ்வளவுதான்.

ஆதிரை_கணக்கு எழுதியது:

நிறத்தை விட்டுக்கொடுக்கிறேன். நிறம் கண்ணுக்கு மட்டும் சொந்தம், அதை யாரும் மறுக்கவில்லை. மாலினூ கேட்டது வடிவத்தை. கோணத்தைக் கை தொட்டிருக்கலாம். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பது எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தும் என்பதைக் கை எங்கே தொட்டது?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ 1749-ல் பார்வையற்றோர் பற்றி எழுதிய கடிதத்தில் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தார். அந்தக் கடிதத்துக்காக அவரை வின்சென்னில் சிறையில் வைத்தார்கள் என்பது கிளைக்கதை. மாலினூ கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது என்றார் அவர். படிப்பில்லாத ஒருவர் திகைப்பார். சாண்டர்சனைப் போன்ற வடிவியல் அறிந்தவரோ, கண்ணில் படும் உருவத்தின் மேல் தனக்குத் தெரிந்த நிரூபணங்களைப் போட்டுப் பார்த்து, எது சதுரம், எது வட்டம் என்று முடிவுக்கு வருவார். கனசதுரம், உருண்டையை விட்டுவிட்டுச் சதுரம், வட்டம் என்று தட்டை வடிவங்களை வைத்துச் சோதிக்கச் சொன்னதும் திதரோதான். புதிதாகப் பார்வை பெற்றவருக்கு ஆழம் பிடிபடாது என்பதை அப்போதே யோசித்திருக்கிறார்.

பனங்கூடல் எழுதியது:

நான் ஒரு கேசைச் சொல்லட்டுமா? ரிச்சர்ட் கிரிகரி, ஜீன் வாலஸ் இருவரும் 1963-ல் வெளியிட்டது. சிட்னி பிராட்போர்ட் என்ற ஆங்கிலேயர், பத்து மாதக் குழந்தையாக இருந்தபோதே பார்வை போனவர். 1958 டிசம்பரில், 52 வயதில், கருவிழி மாற்று அறுவை நடந்தது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்வை இல்லாத காலத்தில் கண்ணாடி மூடியில்லாத கைக்கடிகாரத்தின் முள்ளைத் தடவி மணி பார்த்துப் பழகியவர். இங்கிலீஷ் பெரிய எழுத்துகளையும் பார்த்தவுடன் வாசித்தார். பார்வையற்றோர் பள்ளியில் மரக்கட்டையில் பொறித்த பெரிய எழுத்துகளைத் தொட்டுப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சின்ன எழுத்துகளை அங்கே கற்பிக்கவில்லை. அவற்றை அவரால் வாசிக்க முடியவில்லை.

எனக்கு இந்தத் திரி முழுக்கவே இந்தச் சின்ன எழுத்துதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கையிலிருந்து கண்ணுக்குப் பாலம் இருந்திருக்கிறது, அது பூதவாதிக்கு எதிர். கை தொடாதது கண்ணுக்கும் போய்ச் சேரவில்லை, அது திண்ணைக்காரருக்கு எதிர்.

பூதவாதி எழுதியது:

பனங்கூடல், இரண்டு ஓட்டை. பத்து மாதம் அவர் பார்த்திருக்கிறார், பிறவியிலேயே பார்வை இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிரிகரி அவரை முதன்முதலில் பார்த்தது அறுவைக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து. அதற்குள் மருத்துவமனையில் எத்தனை கடிகாரத்தை, எத்தனை செவிலியரோடு சேர்ந்து பார்த்தாரோ.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனபோது நடந்ததையும் எழுதியிருக்கலாமே. கடைசல் இயந்திரம் அவருக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கச் சொன்னபோது பாகம் எது என்று சரியாகப் புரியவில்லை. பெட்டியைத் திறந்து தொடவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கத் தடவிவிட்டு, பின்வாங்கிக் கண்ணைத் திறந்து, தொட்டாயிற்று, இப்போது பார்க்க முடிகிறது என்றார்.

நீலமணி எழுதியது:

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மனிதர்களை விட்டுவிட்டு வேறு இடத்தில் பார்க்கலாமே?

லண்டன் குழு ஒன்று 2024-ல் கோழிக்குஞ்சுகளை வைத்துச் சோதித்தது. முழு இருட்டில் பொரித்த குஞ்சுகள். இருட்டிலேயே சிலவற்றுக்கு வழவழப்பான பொருளோடும் சிலவற்றுக்கு மேடு பள்ளமான பொருளோடும் பழக்கம். பிறகு முதன்முதலாக வெளிச்சத்தில் விட்டபோது, எதைத் தொட்டுப் பழகினவோ அதைப் பொறுத்து அவை எதை நோக்கிப் போயின என்பது மாறியது. அதற்கு முன் ஒரு நொடிகூட எதையும் பார்க்காத குஞ்சுகள். மாலினூவின் நிபந்தனை இவ்வளவு சுத்தமாக எந்த மனிதர் விஷயத்திலும் நிறைவேறியதில்லை. தத்துவவாதிகள் முந்நூறு வருஷம் அடித்துக்கொண்டதைக் குஞ்சு முதல் நாளே முடித்துவிட்டது.

மனிதக் குழந்தைகள் பற்றி மெல்ட்சாஃப், போர்ட்டன் 1979-ல் செய்ததும் உண்டு. ஒரு மாதக் குழந்தைகளின் வாயில் வழவழப்பான சூப்பானையோ முண்டு முண்டானதையோ காட்டாமல் வைத்து, பிறகு இரண்டின் வடிவத்தையும் காட்டினார்கள். வாயில் இருந்ததையே கூடுதல் நேரம் பார்த்தன. அதை மறுபடி செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன். குஞ்சு விஷயம் கெட்டியானது.

பூதவாதி எழுதியது:

வழவழப்பும் மேடுபள்ளமும் பரப்பின் தன்மை. கனசதுரம் எங்கே, உருண்டை எங்கே? ஆனால் குஞ்சு எனக்கு உறுத்துகிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குஞ்சுக்கு இருக்கும் பாலம் டெல்லிப் பிள்ளைக்கு ஏன் இல்லை?

கருவிழி எழுதியது:

பூதவாதி எழுதியது: "குஞ்சுக்கு இருக்கும் பாலம் டெல்லிப் பிள்ளைக்கு ஏன் இல்லை?"

பாக்கி வைத்ததைச் சொல்ல இதுதான் இடம். குஞ்சுக்குக் கண்ணில் குறை எதுவும் கிடையாது. இருட்டில் ஒரு நாள் இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து ஆண்டு பார்வையில்லாமல் இருந்தவர்கள். மூளை அந்த இடத்தைச் சும்மா வைத்திருக்காது. பிறக்கும்போது இருந்த பாலம் பயன்படாமல் சிதைந்துபோயிருக்கலாம். அப்படியானால் டெல்லி சோதனை 'பாலம் பிறவியில் இல்லை' என்று காட்டவில்லை, 'இத்தனை ஆண்டு கழித்து இல்லை' என்று மட்டும் காட்டுகிறது.

92 விழுக்காடு பற்றிக் கேட்டீர்கள். பார்த்த படத்தைப் பார்த்த படத்தோடு பொருத்த வடிவம் புரிய வேண்டும் என்று இல்லை. ஏதோ ஒரு கறை, ஒரு நீட்டம் ஒத்துப்போனாலே போதும். தொட்டதோடு பொருத்தும்போதுதான் முழு வடிவம் தேவை. இதே குழுவினர் 2009-ல் எழுதியதைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் வட்டத்தையும் சதுரத்தையும் காட்டி எத்தனை பொருள் என்று கேட்டால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் துண்டையும் தனிப் பொருளாக எண்ணினார்கள். நிழலும் தனிப் பொருள், வேறு நிறமும் தனிப் பொருள். ஆனால் அந்த வடிவங்களை அசைத்துக் காட்டியதும் சேர்ந்து அசைவதை ஒரே பொருளாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே அசையாத கட்டையை வைத்துக் கேட்டதே அவர்களுக்குப் பாதகம்தான். பிள்ளை கட்டையைச் சுற்றி நடந்து பார்க்கவும், கட்டை சுழலவும் விட்டிருக்க வேண்டும் என்று தத்துவத் துறையிலிருந்தே விமர்சனம் வந்தது.

இன்னும் ஒன்று, இது பூதவாதிக்குப் பிடிக்காது. ஒரே நீளக் கோடுகள் அம்பு முனையால் நீளமாகவும் குட்டையாகவும் தெரியும் முல்லர்-லையர் மாயை இருக்கிறதல்லவா? தண்டவாளம் போலக் குவியும் கோடுகளுக்கு நடுவே வரும் பொன்சோ மாயையும் உண்டு. ஓவியம், கட்டட மூலை, சாலை எல்லாம் பார்த்துப் பழகியதால்தான் இவற்றில் ஏமாறுகிறோம் என்பது நெடுநாள் விளக்கம். 2015-ல் சின்ஹா குழுவினர், 8 முதல் 16 வயதுள்ள ஒன்பது பிள்ளைகளுக்குப் பார்வை கிடைத்தவுடன் இவற்றைக் காட்டினார்கள். அவர்களும் நம்மைப் போலவே ஏமாந்தார்கள். எந்தச் சாலையையும் பார்க்காத கண்கள்.

திண்ணைக்காரன் எழுதியது:

அப்போது லைப்னிட்ஸின் பளிங்குக்கல் பக்கம் காற்று அடிக்கிறது. மனம் வெற்றுப் பலகை இல்லை, உள்ளே நரம்பு ஓடும் பளிங்கு. சிலையின் உருவத்தை அந்த நரம்புகள் முன்னமே கோடிட்டு வைத்திருக்கின்றன, ஆனாலும் உளி பட்டால்தான் சிலை வெளியே வரும் என்றார் அவர். புலனில் இல்லாதது அறிவில் இல்லை என்ற பழைய வாக்கியத்தை ஏற்றுக்கொண்டு, "அறிவு ஒன்றைத் தவிர" என்று ஒட்டுப் போட்டவரும் அவர்தான். டெல்லியில் அந்த ஒரு வாரம் வேலை செய்தது உளிதான். நரம்பு இல்லாத கல்லில் ஒரு வாரத்தில் சிலை வராது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆனால் சார், மாயையில் ஏமாறுவதைப் பகுத்தறிவின் கணக்கில் எழுத முடியுமா? ஒன்பது பிள்ளைகளும் யோசித்து ஏமாறவில்லை. பிறவியில் இருப்பது எல்லாம் சிந்தனை என்று ஆகாது. கருவிழி அம்மா காட்டியது கண்ணின் அமைப்பு. குஞ்சு காட்டியதும் அதுவே. லைப்னிட்ஸ் மூலைகளை எண்ணி நிரூபிக்கும் மனிதரைக் கேட்டார். அந்த மனிதரை இன்னும் யாரும் சோதிக்கவில்லை. இந்தத் திரியில் 'பிறவி அமைப்பு' வந்த இடத்திலெல்லாம் 'பகுத்தறிவு' ஜெயித்ததாக எழுதிக்கொண்டு போகிறோம்.

ஆதிரை_கணக்கு எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னது சரி. அப்படியானால் சோதனை இப்படி இருக்க வேண்டும்: வடிவியல் படித்த, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை. தட்டையான சதுரமும் வட்டமும். இரண்டும் என்ன என்று முன்னமே சொல்லிவிட வேண்டும். அசைத்துக் காட்ட வேண்டும். அவசரப்படுத்தாமல் யோசிக்க விட வேண்டும். சரியாகச் சொன்னால் எப்படிச் சொன்னாய் என்று கேட்க வேண்டும். "மூலை இருந்தது, அதனால்" என்றால் லைப்னிட்ஸ். "பார்த்தவுடன் தெரிந்தது" என்றால் குஞ்சு. "தெரியவில்லை" என்றால் பூதவாதி அண்ணா.

பூதவாதி எழுதியது:

இந்தச் சோதனைக்கு நான் சம்மதம். மூலை என்பதைக் கண் எப்படிக் கண்டுகொண்டது என்றும் சேர்த்துக் கேளுங்கள். விரலில் குத்தும் மூலையும் கண்ணில் கோடு திரும்பும் இடமும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது? பார்க்லி கேட்ட கேள்வி அது. எட்டு மூலை என்று லைப்னிட்ஸ் எண்ண ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவருக்கு அது தேவைப்படுகிறது.

கருவிழி எழுதியது:

சம்மதம் எல்லாம் சரி. வடிவியல் படித்துக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அடர்ந்த பிறவிக் கண்புரை இருக்கிறது என்றால், அதற்கு முன் பதினேழு வருஷம் எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று முதலில் கேட்கணும். இப்போது பிறந்த குழந்தைகளுக்கே டார்ச் அடித்துக் கண்ணில் சிவப்பு ஒளி திரும்பி வருகிறதா என்று பார்க்கிறார்கள். வெள்ளையாகத் தெரிந்தால் உடனே அனுப்பிவிடுவார்கள். உங்கள் சோதனைக்கு ஆள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகும். அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

திண்ணைக்காரன் எழுதியது:

பார்க்லி கேட்டதற்கு என்னிடம் கைவசம் பதில் இல்லை பூதவாதி. 'மூலை'யை இரண்டு புலனுக்கும் பொதுவாக்குவது எண்ணிக்கையாக இருக்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. விரல் எட்டுத் தடவை திரும்புகிறது, கண்ணும் அதே எட்டைத்தான் எண்ணும். எண் எந்தப் புலனுடையது? ஆதிரை, எண்களைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்குங்களேன். அங்கே வருகிறேன்.